நீலக் கண்ணாடியை மட்டும் உடைத்துவிடாதீர்கள் அண்ணே

பழைய இரும்புக்கடை அண்ணனுக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை காலை உங்கள் கடைக்கு வந்தது கேட்டுக்கு ஒரு கீல் தேடித்தான். பின்கட்டில் ஆலைக் குழாய்களுக்கும் துருப்பிடித்த தள்ளுவண்டிகளுக்கும் அடியில் கிடந்த, ஒரு காலத்தில் கையை ஏற்றி இறக்கி ரயிலுக்கு நில், போ என்று காட்டிய அந்தக் கைகாட்டியைப் பார்த்ததும் வந்த வேலை மறந்துபோய் அங்கேயே குந்திவிட்டேன். நீங்கள் தே கிளாஸோடு வந்து நின்று, "என்னா தம்பி, இதுல என்னா இருக்கு?" என்று கேட்டீர்கள். தொண்டை அடைத்துக்கொண்டது. ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

அன்றைக்குச் சொல்ல வராததைத்தான் இப்போது எழுதுகிறேன். லாட்டோடு, அதாவது மொத்தப் பழைய இரும்போடு சேர்த்து, விலை பேசியாகிவிட்டது, மாதக் கடைசியில் லோரி வரும் என்றீர்கள். அதற்குள் இது உங்கள் கண்ணில் படவேண்டும். வாட்ஸ்அப்பில் உங்களுக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் நம் பகாவ் ஊரிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இப்படிப்பட்ட சாமான் எத்தனை வீட்டுக் கொல்லையில் கோழிக்கூண்டுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறதோ. அவர்களும் படிக்கட்டும்.

முதலில் அந்த நீலக் கண்ணாடி. "இது ரயிலுதே இல்லப்பா, சிக்னல்ல நீலம் எங்க இருக்கு?" என்றீர்கள். நியாயமான கேள்வி. அந்தக் கையின் அடிப்பக்கத்தில் மூக்குக்கண்ணாடி மாதிரி இரண்டு வட்டம் இருக்கிறது, கவனித்தீர்களா? ஒன்றில் சிவப்புக் கண்ணாடி இருந்திருக்கிறது. இப்போது விளிம்பில் இரண்டு சில்லுதான் மிச்சம். இன்னொன்றில் முழுசாக இருப்பதுதான் அந்த நீலம். கைகாட்டிக்குப் பின்னால் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு. அதன் சுடர் மஞ்சள். மஞ்சள் சுடருக்கு முன்னால் பச்சைக் கண்ணாடியை வைத்தால் தூரத்திலிருந்து வரும் டிரைவருக்கு வெளிறிப்போன ஒரு மஞ்சள் பச்சைதான் தெரியும். நீலம் கலந்த கண்ணாடியை வைத்தால்தான் நல்ல பச்சையாகத் தெரியும். அதனால்தான் பகலில் கையில் எடுத்துப் பார்த்தால் நீலமாக இருக்கிறது. அது ரயிலுடையதுதான் அண்ணே. பல்பு வருவதற்கு முந்திய காலத்து ரயிலுடையது.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், என் சித்தப்பா ரயிலில் வேலை பார்த்தவர். அப்பா தோட்டத்தில் ரப்பர் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார். விடிவதற்கு முன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போனால் மதியம்தான் வீடு. பள்ளி விடுமுறையில் நான் சித்தப்பாவோடு ஒட்டிக்கொள்வேன். நிலையத்து மேடை ஓரத்தில் ஆள் உயர நெம்புகோல்கள் வரிசையாக நிற்கும். பிடிக்கும் இடம் மட்டும் கை பட்டுப் பட்டு வெள்ளி மாதிரி மின்னும். வெறுங்கையால் தொட்டால் வியர்வையில் துரு ஏறும் என்று ஒரு துணியைச் சுற்றித்தான் பிடிப்பார். ஒரு காலைப் பின்னால் ஊன்றி, முழு உடம்போடு சாய்ந்து இழுப்பார். தண்டவாளத்து ஓரமாகப் போகும் கம்பி உருளைகளின் மேல் சரசரவென்று ஓடும். அந்தச் சத்தம் நம்மைவிட்டு விலகிப் போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் வளைவுக்கு அந்தப் பக்கம், செம்பனைத் தலைகளுக்கு மேலே, சிவப்புக் கை ஒன்று சாயும். இங்கே இழுத்தால் அங்கே அசைகிறது. பத்து வயதுப் பையனுக்கு அதைவிடப் பெரிய அதிசயம் வேறென்ன வேண்டும்?

நல்ல வெயில் நாளில் கம்பி நீண்டுவிடும். நெம்புகோலை முழுதாக இழுத்தாலும் கை பாதிதான் சாயும். அப்போது சித்தப்பா கம்பியை இறுக்கிவிட்டு மறுபடி இழுப்பார். ஒருநாள் கேட்டேன்: "கம்பி அறுந்துபோச்சுன்னா என்னா செய்வீங்க சித்தப்பா?" "அறுந்தா அதுவா கிடையா வந்துரும்டா. எது கெட்டாலும் அது நில்லுன்னுதான் சொல்லும்" என்றார். கம்பத்தில் அதற்கென்றே ஒரு எடைக்கல் கட்டியிருப்பார்கள். உங்கள் கடையில் கைக்குப் பக்கத்தில் ஒரு நீளமான பட்டை இரும்பும் அதன் முனையில் கனமான வார்ப்பிரும்பு உருண்டையும் கிடந்தனவே, அதுதான். தனியாகப் பார்த்தால் பழைய தராசுக் கல் என்றுதான் தோன்றும். அதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நம்ம ஊர் வழியாகப் போகிற பாதையின் கதை உங்களுக்கும் கொஞ்சம் தெரிந்திருக்கும். கிம்மாஸிலிருந்து பகாவுக்கு 1910-ல் ரயில் வந்தது. அங்கிருந்து மெந்தகாப், ஜெராண்டுட், கோலா லிப்பிஸ், குவா முசாங் என்று காட்டுக்குள் மெல்ல மெல்லப் போய், தும்பாட் வரை முழுப் பாதையும் இணைந்தது 1931-ல். ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். ஜப்பான்காரன் காலத்தில் இதே பாதையின் தண்டவாளங்களைத்தான் பல இடங்களில் பெயர்த்து சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, கொண்டுபோனான். இரும்பு போன வழியிலேயே தோட்டத்து ஆட்களும் போனார்கள். சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரன் போடவைத்த 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில் பாதை 1943 அக்டோபரில் முடிந்தபோது, நம்மவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர் அந்தக் காட்டிலேயே புதைந்துவிட்டார்கள். என் தாத்தாவின் அண்ணனும் போனார், திரும்பவில்லை. போருக்குப் பிறகு பெயர்த்த இடங்களில் திரும்பத் தண்டவாளம் போட்டு முடிக்கப் பல வருடம் பிடித்தது. இந்தப் பாதையின் இரும்பை நான் வெறும் எடையாகப் பார்க்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி என் படம் பிடிக்கிற விஷயம். சனி ஞாயிறு வந்தால் கேமராப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறேன் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். காலையில் போய் ராத்திரிக்குள் வீடு திரும்புகிற தூரம்தான். கிம்மாஸ், திரியாங், மெந்தகாப். எப்போதாவது குளுவாங். அங்கே 1938-ல் நிலையத்திலேயே தொடங்கிய கோப்பிக்கடையில் பசியாறிவிட்டு நாள் முழுக்க நிற்பேன். இப்போது அந்தப் பக்கம் எல்லாம் இரட்டைத் தடம், மேலே மின்கம்பி. 2025-ல் மின்ரயில் குளுவாங்கையும் எட்டிவிட்டது. நல்லதுதான். ஜனங்களுக்கு நேரம் மிச்சம். ஆனால் எந்தக் கோணத்தில் நின்றாலும் படச் சட்டத்துக்குள் நாலு கம்பி குறுக்கே வருகிறது. கிம்மாஸில் புது நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய நிலையத்தை இடிக்காமல் விட்டிருப்பது பெரிய ஆறுதல். நம்ம கிழக்குப் பாதையில் மின்கம்பி இல்லை. டீசல் இஞ்சின், ஒற்றைத் தடம், இரண்டு பக்கமும் பச்சை. படம் பிடிப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

நான் எடுத்ததில் எனக்கு நெருக்கமான படம் சிங்கப்பூரில் எடுத்தது. தஞ்சோங் பகார் நிலையம் 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு மூடப்படுகிறது என்று தெரிந்ததும், அதற்கு முந்திய வாரம் ஒரு நண்பர் காரில் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். போனது அதே பாதையிலிருந்த புக்கித் தீமா நிலையத்துக்கு. சின்ன ஓட்டுக் கட்டடம், பக்கத்தில் கைகாட்டி. அங்கே அப்போதும் சாவி வளையம் கைமாறிக்கொண்டிருந்தது. அது என்ன என்று சொல்கிறேன். ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே இரண்டு ரயில் வந்துவிடக்கூடாது. அதற்காக, இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஓடுகிற ரயிலின் டிரைவர் கையில் ஒரு சாவி இருக்கவேண்டும் என்று விதி. சாவிகள் இருக்கும் பெட்டிகள் இரண்டு நிலையத்திலும் மின்கம்பியால் ஒன்றோடொன்று இணைந்தவை. ஒரு சாவி வெளியே இருக்கும்வரை இன்னொரு சாவி எந்த நிலையத்திலும் வெளியே வராது. எவ்வளவு அவசரப்பட்டாலும் வராது. அந்தச் சாவியை ஒரு பெரிய வளையத்தில் கோத்து, நிலையத்து ஆள் மேடையில் நின்று தூக்கிப் பிடிப்பார். இஞ்சின் நிற்காமல் வரும். டிரைவர் வெளியே எட்டி, பழைய வளையத்தைக் கொடுத்துப் புதியதைக் கைக்குள் மாட்டிக்கொண்டு போவார்.

மரநிழல், வெளிச்சம் போதவில்லை. கேமராவை நொடியில் அறுபதில் ஒரு பங்குக்குத்தான் வைக்க முடிந்தது. படத்தில் இஞ்சின் மங்கிவிட்டது, வளையம் ஒரு கோடாக இழுபட்டுவிட்டது. மேடையில் நின்றவரின் விரித்த ஐந்து விரல் மட்டும் கல்லில் செதுக்கியது மாதிரி விழுந்திருக்கிறது. என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான். கடைசி நாள் இரவு கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிக்கொண்டு போனார். அந்த இரண்டு நிலையக் கட்டடங்களையும் சிங்கப்பூர்க்காரர்கள் இடிக்கவில்லை, பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

இங்கே எனக்கு அந்தக் கொடுப்பினை கிடைக்கவில்லை. பகாங் பக்கம் ஒரு சிறிய நிலையத்தில் ஒரு கைகாட்டி நின்றது. மரக்கிளைக்கு மேலே தலை தூக்கி, பின்னால் மலை. மலேசிய வெயில் உங்களுக்குத் தெரியும், பத்து மணிக்கு மேல் உச்சியில் ஏறிக்கொண்டு எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். காலை ஏழரையிலிருந்து ஒன்பதரைக்குள் எடுக்கவேண்டும், இல்லையென்றால் சாயங்காலம் ஐந்துக்கு மேல். முதல் முறை போனபோது மழை. இரண்டாம் முறையும் மழை. மூன்றாம் முறை வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது, கைகாட்டி இல்லை. புல்லுக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்கு இரும்பு அடிக்கட்டை ஒன்று நின்றது. வெட்டிய முகத்தில் இன்னும் துரு ஏறவில்லை, பளபளவென்று இருந்தது. அங்கே நாசி லெமாக் விற்கும் மலாய்க்கார அம்மா, "செவ்வாய்க்கிழமை லோரி வந்தது" என்றார். நாலு நாள் அண்ணே. அந்த அடிக்கட்டையைத்தான் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். வரும் வழியெல்லாம் நண்பரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

உங்கள் கடையில் கிடப்பது அதுவாக இருக்காது. எந்த நிலையத்துடையது என்று உங்களுக்கும் தெரியாது, கைமாறிக் கைமாறி முறையாக விலைகொடுத்து வாங்கியது என்றீர்கள். உங்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நீங்கள் வாங்காமல் இருந்திருந்தால் அது எப்போதோ உருகியிருக்கும்.

நான் கேட்பது இவ்வளவுதான். கையும் எடைக்கல்லும் கம்பத்தின் மூன்று துண்டும் லாட்டிலிருந்து தனியே எடுத்து வையுங்கள். நீங்கள் சொன்ன கிலோ விலைக்கு மேலேயே தருகிறேன். லாட்டில் எடை குறைகிறது என்று வாங்குகிறவர் முகம் சுளித்தால் அதற்கான பணத்தையும் நான் போடுகிறேன். கடைக்குள் ஒரு விளக்கு இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். தகரப் பெட்டி மாதிரி இருக்கும், மேலே குட்டிப் புகைபோக்கி, முன்னால் உள்ளங்கை அளவுக்கு உருண்டைக் கண்ணாடி. பின்னால் காசு அளவுக்கு இன்னொரு சின்னக் கண்ணாடி இருந்தால் சந்தேகமே வேண்டாம். ராத்திரியில் விளக்கு எரிகிறதா அணைந்துவிட்டதா என்று நிலையத்திலிருந்தே பார்ப்பதற்காக வைத்த ஓட்டை அது.

வாங்கி என்ன செய்வாய் என்று கேட்பீர்கள். இப்போதைக்கு என் வீட்டு முன்புற அஞ்சடித் தாழ்வாரத்தில் படுத்திருக்கட்டும். தமிழ்ப்பள்ளி பெற்றோர் கூட்டத்தில் பேசிப் பார்க்கப் போகிறேன். திடல் ஓரத்தில் நட்டு, சுவரோரமாகக் கம்பி இழுத்து, ஒரு நெம்புகோலையும் பொருத்திவிட்டால் பிள்ளைகள் இங்கே இழுத்து அங்கே சாய்வதைப் பார்ப்பார்கள். தாத்தா பாட்டி தண்டவாள ஓரத்து லயத்தில் பிறந்தவர்கள் என்றாலும், இந்தக் காலத்துப் பிள்ளைகள் கைகாட்டி என்றால் சடக்கில் ஊர்ப்பெயர் எழுதிய பலகை என்று நினைக்கிறார்கள்.

உங்கள் மகன் புதுக் கேமரா வாங்கியிருக்கிறான் என்றீர்கள். அவனை ஒரு ஞாயிறு என்னோடு அனுப்புங்கள், மெந்தகாப் வரை போய் வருவோம். தண்டவாளத்துக்குள் இறங்க விடமாட்டேன், வேலிக்கு வெளியே நின்றே எடுக்கலாம். நிலையத்தில் முதலில் போய் வணக்கம் சொல்லி அனுமதி கேட்பதிலிருந்து கற்றுக்கொடுக்கிறேன். நிலையத்து ஆட்களில் வயதானவர் யாராவது இருந்தால், படம் எடுப்பதற்கு முன் அரைமணி நேரம் அவர் பேச்சைக் கேட்கவேண்டும். என் சித்தப்பாவை நெம்புகோல் பக்கத்தில் வைத்து நான் ஒரு படம்கூட எடுக்கவில்லை. அப்போது கையில் கேமரா இல்லை. கேமரா வந்தபோது அவர் இல்லை.

வருகிற சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு என் தம்பியின் லோரியோடு வருகிறேன். தூக்குவதற்கு நாலு பேர் இருப்போம், நீங்கள் ஆள் தேடவேண்டாம். அதுவரை மழை வந்தாலும் இரும்புக்கு ஒன்றும் ஆகாது. கண்ணாடிதான் பயமாக இருக்கிறது. அந்த நீலக் கண்ணாடி இருக்கிற பக்கத்தை மட்டும் இன்றைக்கே ஒரு பழைய சாக்கில் சுற்றி, குழாய்கள் மேலே விழாத இடமாகப் பார்த்து, சுவரோரம் சாய்த்து வைத்துவிடுங்கள் அண்ணே.

அன்புடன்,
தம்பி
பகாவ், நெகிரி செம்பிலான்