பெற்றோர் கூட்டத்தில் தமிழும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளி ஆசிரியர்களுடனான உரையாடலைத் தங்கள் நாளிதழில் படித்தேன். பள்ளிக் கூட்டங்களில் பெற்றோர் வாய்திறப்பதில்லை என்ற அவர்களின் வருத்தம் சரிதான். ஆனால் எந்த மொழியில் பேசுவது? மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட 8 மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. இருந்தும் தாராவித் தமிழ்ப் பிள்ளைகள் பலர் இன்று ஆங்கில வழியில்தான் படிக்கிறார்கள். போன மாதம் என் பேத்தியின் பள்ளிக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். டீச்சர் இந்தியில் சொல்லச் சொல்ல, 8 வயது மகன்தான் தமிழில் சொன்னான். கணக்கு நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மைச் சுழி. அவன் சொன்னதோ, "நான் நல்லா படிக்கிறேனாம், அம்மா." அந்த அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார். எனக்கு மனசே ஆறவில்லை.

கூட்ட நாளில் மட்டுமாவது தமிழ் தெரிந்த ஒருவரைப் பள்ளிகள் அருகில் உட்காரவைக்க வேண்டும். மேல்வகுப்புப் பிள்ளையின் தாயாக இருந்தாலும் போதும்.

– ஒரு வாசகர், தாராவி, மும்பை