உதட்டுப் பிளவு மருத்துவ முகாம்: தலைவர் அண்ணனுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய தலைவர் அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். கம்போடியாவுக்குச் செல்லும் தன்னார்வ மருத்துவக் குழுவுக்காக நம் சங்கம் பட்டர்வொர்த்தில் நிதி திரட்டும் விருந்து நடத்தவிருப்பதைச் சொல்லி, அழைப்பிதழின் மாதிரியையும் அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தீர்கள். பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி அளிப்பதே என் தொழில் என்பதால் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். விருந்து நடக்கட்டும், மேசைகளுக்கு ஆள் சேர்க்க நானும் வருகிறேன். ஆனால் எத்தனை பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சை என்று அழைப்பிதழில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே, அந்த எண்ணிக்கையை வைத்து மட்டும் அந்தக் குழுவை எடைபோட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உதட்டுப் பிளவு கண்ணுக்குத் தெரிவது. ஓரிரு மணி நேரத்தில் தைத்து முடித்து, முன்னும் பின்னும் எடுத்த படங்களை அருகருகே வைத்தால் பார்ப்பவர் மனம் இளகிவிடும். அண்ணப் பிளவோ, அதாவது வாயின் மேற்கூரையில் உள்ள பிளவோ, வாய்க்குள் இருப்பது; எந்த விளம்பரப் படத்திலும் வராது. பிள்ளை எப்படிப் பேசப் போகிறது, எவ்வளவு கேட்கப் போகிறது என்பவற்றைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதுதான். உதட்டை ஏறத்தாழ 3 மாதத்திலும், அண்ணத்தை 9 மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள்ளும், அதாவது பேச்சு வளரும் முன்பே, சரிசெய்வது வழக்கம். ஈறிலும் பிளவு இருந்தால், கோரைப்பல் இறங்குவதற்கு முன் இடுப்பெலும்பிலிருந்து சிறிது எடுத்து அந்த இடைவெளியை நிரப்புவார்கள். ஆக இது ஒரு நாள் வேலையன்று; பிறந்தது முதல் பதின்ம வயது வரை நீளும் வேலை.

பேச்சைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். வல்லினம் ஒலிக்க வேண்டுமானால் வாய்க்குள் காற்று அடைபட்டு வெடிக்க வேண்டும். அதற்கு மென்மையான பின் அண்ணம் மேலே எழுந்து மூக்கு வழியை மூட வேண்டும். மூடாவிட்டால் காற்று மூக்கில் கசிந்து, வல்லினமெல்லாம் மெல்லினமாகிவிடும். பாட்டியைக் கூப்பிடும் பிள்ளையின் வாயிலிருந்து 'மாண்ணி' போல ஏதோ ஒன்று வரும். மூக்கின் கீழே சிறிய கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு 'பாப்பா' சொல்லச் சொல்வேன்; கண்ணாடியில் ஆவி படிந்தால் காற்று கசிகிறது என்று பொருள். 6 வயதில் அண்ணத்தை மூடினாலும், அதுவரை தொண்டையை இறுக்கிப் பேசிப் பழகிய பிள்ளையின் உச்சரிப்பு தானாகத் திருந்துவதில்லை. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், பயிற்சி வேண்டும். குழு விமானம் ஏறிய பிறகு அங்கே அதைச் செய்யப்போவது யார்?

இப்படிக் கேட்பதால் முகாம்களை நான் குறைத்து மதிப்பிடுவதாக எண்ண வேண்டாம். 1982-இல் பிலிப்பைன்ஸின் நாகா நகருக்குச் சென்ற அமெரிக்கரான மகீ தம்பதியரின் மருத்துவக் குழுவிடம் ஏறத்தாழ 300 குடும்பங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றன. சுமார் 40 பேருக்குத்தான் சிகிச்சை அளிக்க முடிந்தது. திருப்பி அனுப்பப்பட்டவர்களை மறக்க முடியாமல் அவர்கள் தொடங்கியதுதான் ஆபரேஷன் ஸ்மைல் என்ற தொண்டு அமைப்பு. 1999-இல் தோன்றிய ஸ்மைல் டிரெயின் என்ற அமைப்பு வேறு வழியைத் தேர்ந்தெடுத்து, வெளியிலிருந்து மருத்துவர்களை அனுப்பாமல் உள்ளூர் மருத்துவர்களுக்கே பயிற்சியும் பணமும் தந்தது. என் மனம் இந்த இரண்டாவது வழியின் பக்கமே சாய்கிறது. தைவானுக்குப் போய் அங்கேயே பல்லாண்டு தங்கி, சாங் கங் மருத்துவமனையில் ஒரு முழுக் குழுவை உருவாக்கிய மருத்துவர் நோர்டாஃபையும், திருச்சூர் ஜூபிலி மிஷன் மருத்துவமனையிலேயே தம் வாழ்நாளைக் கழித்த மருத்துவர் அடென்வாலாவையும் நினைத்துப் பாருங்கள்; அறுவை முடிந்த பிள்ளை வளர்ந்து திரும்பி வரும்போது பார்க்க ஆள் இருந்தது.

ஆகவே ஒப்புக்கொள்ளும் முன் அந்தக் குழுத் தலைவரிடம் சிலவற்றைக் கேளுங்கள். குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பதில் தேர்ந்தவர் உடன் வருகிறாரா? அண்ணத்தில் தைத்த இடம் இரவில் இரத்தம் கசிந்தால் படுக்கையருகே யார் இருப்பார்? தையல் விட்டு ஓட்டை விழுந்தால் அடுத்து யாரிடம் போவது? கத்தியைப் பிடிப்பவர்களில் உள்ளூர் மருத்துவர் உண்டா? எடை குறைந்த குழந்தைகளை என்ன செய்வார்கள் என்பதையும் விடாதீர்கள். உதட்டு அறுவைக்கு 10 வாரம், 10 பவுண்டு எடை, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 10 கிராம் ஹீமோகுளோபின் என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. அண்ணம் பிளந்த குழந்தைக்கு உறிஞ்ச வராது. பால் மூக்கு வழியே வந்துவிடும். அழுத்தினால் பால் வரும் மென்மையான புட்டியும், குழந்தையை நிமிர்த்திப் பிடித்துப் புகட்டக் கற்றுத்தரும் ஒரு தாதியும் இருந்தால் எடை ஏறும். விமானச் சீட்டோடு ஒப்பிட்டால் அதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

இன்னொன்று, நம் வீட்டுப் பக்கம். இங்கே மலேசியாவில் அரசு மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்கக் குடிமக்களுக்கு 5 ரிங்கிட்தான். ஆனால் கெடாவின் பாலிங்கிலிருந்தும் கூலிமிலிருந்தும் பினாங்குக்கு வந்து போக ஒரு நாள் கூலி போகிறது, போக்குவரத்துச் செலவும் சேர்கிறது. அறுவைக்கு எப்படியாவது வந்துவிடும் தாய், பேச்சுப் பயிற்சிக்கு இரண்டு முறை வந்து நின்றுவிடுகிறார். கிரகணத்தில் வெளியே போனதால்தான் இப்படி என்று மாமியார் சொன்னதையும் சுமந்துகொண்டு வருவார். (கருவில் முகம் கூடும் முதல் சில வாரங்களில் நேரும் குறை இது, கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று நம் சங்க மேடையிலேயே ஒரு முறை சொல்லலாம்.) திரட்டும் தொகையில் நான்கில் ஒரு பங்கை இக்குடும்பங்களின் பயணத்துக்கு ஒதுக்க முடியுமா?

அழைப்பிதழில் இருக்கும் சிறுமியின் படத்தை எடுத்துவிடுங்கள். பெற்றோர் சம்மதம் தந்திருக்கலாம், அவளைக் கேட்கவில்லை. அந்த இடத்தில் செலவுக் கணக்கைப் போடுங்கள், நம் ஆட்கள் கணக்குப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். குழுவிடமிருந்து பதில் வந்ததும் எனக்கு அனுப்பிவையுங்கள். செயலவைக் கூட்டத்துக்கு நானும் வந்து, அதைப் பார்த்த பிறகு அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்கலாம்.

அன்புடன்,
உங்கள் தங்கை
பினாங்கு