சர்வர் நிஜமா, மெய்நிகரா? தயாரிப்பாளர் பெயர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு சர்வர் தனி இயந்திரமா, விஎம் எனப்படும் மெய்நிகர் இயந்திரமா (வேறொரு இயந்திரத்துக்குள் மென்பொருளால் உருவாக்கிய கணினியா) என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்ற வாசகர் கேள்விக்கு, 'தயாரிப்பாளர் பெயரைப் பாருங்கள்' என்று தங்கள் கணினிப் பக்கத்தில் பதில் வந்திருந்தது. பெரும்பாலும் அது சரியாகவே வரும். ஆனால் பிசிக்கல் கோர் (பிராசசரில் நிஜமாக உள்ள கணிப்பு அலகு) கணக்கில் உரிமக் கட்டணம் கேட்கும் மென்பொருளுக்குப் பட்டியல் தயாரிப்பவர்கள் 'பெரும்பாலும்' என்பதை நம்பி உட்கார முடியாது.

அந்தப் பெயர், தயாரிப்பாளர், மாடல் போன்ற விவரங்களை வைத்திருக்கும் எஸ்எம்பயாஸ் அட்டவணையிலிருந்து வருகிறது. லினக்ஸில் டிஎம்ஐடிகோட் கட்டளையும் விண்டோஸில் சிஸ்டம்இன்ஃபோவும் இதைத்தான் வாசித்துக் காட்டுகின்றன. விஎம்முக்கு இந்த அட்டவணையை எழுதிக் கொடுப்பதே, விஎம்களை உருவாக்கி ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசர்தான். வழக்கமாக 'விஎம்வேர்', 'கியூஈஎம்யு' என்று தன் பெயரைப் போட்டுவிடும். ஆனால் விஎம்வேரில் 'எஸ்எம்பயாஸ்.ரிஃப்ளெக்ட்ஹோஸ்ட்' என்றொரு அமைப்பு உண்டு. அதை 'ட்ரூ' ஆக்கினால் அடியில் இருக்கும் டெல் அல்லது எச்பி சர்வரின் பெயரே விஎம்முக்குள் தெரியும். லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம்மிலும் லிப்விர்ட் என்ற நிர்வாகக் கருவி வழியாக இதைச் செய்யலாம். தயாரிப்பாளரோடு கட்டிப்போட்ட விண்டோஸ் உரிமங்களுக்காகவே இப்படி வைப்பார்கள். மறுபக்கம், சர்வர்களை வாடகைக்கு விடும் அமேசான் ஈசி2வில் முழு இயந்திரத்தையே வாடகைக்கு எடுத்தாலும் தயாரிப்பாளர் பெயர் 'அமேசான் ஈசி2' என்றுதான் வரும். மாடல் பெயரில் '.மெட்டல்' என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

லினக்ஸில் முதலில் ஓட்ட வேண்டியது சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட் கட்டளை. ரூட் அனுமதி தேவையில்லை. 'கேவிஎம்', 'விஎம்வேர்', 'மைக்ரோசாஃப்ட்' என ஒரே சொல்லில் பதில் வரும். ஒன்றும் சிக்கவில்லை என்றால் 'நன்' (எதுவும் இல்லை). ஒரு விஎம்முக்குள் ஓடும் டாக்கர் கண்டெய்னரில் (மென்பொருளைத் தனியே பிரித்து ஓட்டும் உறை) இருந்து கேட்டால் 'டாக்கர்' என்பதோடு நின்றுவிடும், அடியில் விஎம் இருப்பதைச் சொல்லாது. '--விஎம்' என்று சேர்த்து ஓட்டினால் கண்டெய்னரைத் தாண்டிப் பார்க்கும்.

அடுத்தது, பிராசசர் விவரங்களைக் காட்டும் எல்எஸ்சிபியு கட்டளை. பலர் சறுக்குவது இதில்தான். 'விர்ச்சுவலைசேஷன்: விடி-எக்ஸ்' என்ற வரியைப் பார்த்துவிட்டு 'இது விஎம்' என்று குறித்துக்கொள்கிறார்கள். அந்த வரி, விஎம்களை ஓட்டும் திறன் இந்தப் பிராசசரில் இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. நிஜ சர்வர்களில்தான் அது அதிகம் தென்படும். தேட வேண்டிய வரி 'ஹைப்பர்வைசர் வெண்டார்'.

அந்த வரிக்கு ஆதாரம் பிராசசரின் சிபியுஐடி கட்டளை. அதன் 1ஆம் பகுதியில் ஈசிஎக்ஸ் ரிஜிஸ்டரின் 31ஆம் பிட்டை இன்டெலும் ஏஎம்டியும் இதற்கென்றே ஒதுக்கியிருக்கின்றன. நிஜ பிராசசர் 0 தரும்; ஹைப்பர்வைசர் நடுவில் இருந்தால் 1 தரும். பிறகு, பதினாறடிமான எண் 40000000 கொண்ட பகுதியைக் கேட்டால் 12 எழுத்தில் ஒரு கையொப்பம் கிடைக்கும். அந்த 12 இடத்தை நிரப்ப விஎம்வேர் தன் பெயரை இரண்டு முறை எழுதி வைத்திருக்கிறது! ஏஆர்எம் சர்வர்களில் சிபியுஐடி கிடையாது, எனவே இந்தச் சோதனை அங்கே செல்லாது.

இந்த பிட்டும் சில இடங்களில் ஏமாற்றும். நிஜ சர்வரில் விண்டோஸ் போட்டு ஹைப்பர்-வியை இயக்கினால், சிஸ்டம்இன்ஃபோ 'ஹைப்பர்வைசர் கண்டறியப்பட்டது' என்று சொல்லும். ஹைப்பர்-வி வன்பொருளின் மேல் நேரடியாக உட்கார்ந்துகொண்டு, ஏற்கெனவே இருந்த விண்டோஸையே தன் மேல் ஏற்றிக்கொள்வதுதான் காரணம். அங்கே தயாரிப்பாளரையும் மாடலையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 'மைக்ரோசாஃப்ட் கார்ப்பரேஷன்', 'விர்ச்சுவல் மெஷின்' என இரண்டும் இருந்தால் விஎம். மைக்ரோசாஃப்ட் பெயர் மட்டும் இருந்தால் போதாது, சர்ஃபேஸ் கணினியிலும் அதே பெயர்தான்.

நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரியின் முதல் மூன்று இணைகளும் துப்பு தரும்: விஎம்வேருக்கு 00:50:56, விர்ச்சுவல்பாக்ஸுக்கு 08:00:27, கேவிஎம்முக்கு 52:54:00. ஆனால் எந்த நெட்வொர்க் கார்டின் முகவரி என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேவிஎம் ஓடும் நிஜ சர்வரிலேயே விஎம்களை நெட்வொர்க்கோடு இணைக்கும் 'விர்பிஆர்0' என்ற மென்பொருள் பாலத்தின் முகவரி 52:54:00 என்றுதான் தொடங்கும்.

டாப் கட்டளையில் 'எஸ்டி' மதிப்பு (ஹைப்பர்வைசர் வேறு வேலைக்கு எடுத்துக்கொண்ட பிராசசர் நேரம்) 0க்கு மேல் ஏறினால் அது பெரும்பாலும் விஎம்தான். 0 ஆகவே இருந்தால் அதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது.

விஎம்முக்கான அடையாளம் கிடைக்கவில்லை என்பதாலேயே நிஜ சர்வர் என்று எழுதிவிடக் கூடாது. அதற்குத் தனிச் சான்று வேண்டும். டிஎம்ஐடிகோடில் 17ஆம் வகையைக் கேட்டால் ஒவ்வொரு ரேம் துண்டின் தயாரிப்பாளர், பார்ட் எண், சீரியல் எண் வரும். விஎம்மில் இந்த இடங்கள் பெரும்பாலும் காலி. டிஸ்க்கின் சீரியல் எண் மட்டும் உறுதியான சான்றல்ல, நிஜ டிஸ்க்கை அப்படியே விஎம்முக்குக் கொடுக்கவும் முடியும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை, சர்வரின் வன்பொருளை நிர்வகிக்கும் கட்டளையான ஐபிஎம்ஐடூல். அதில் 'சேசிஸ் ஐடென்டிஃபை 30' என்று கொடுத்தால் சர்வரின் அடையாள விளக்கு 30 விநாடி எரியும். சர்வர்களை அடுக்கி வைக்கும் ரேக் அருகே ஒருவரை நிறுத்தி வைத்தால் எந்தப் பெட்டி என்பதும் சேர்த்தே தெரிந்துவிடும். சாதாரண விஎம்மில் இதே கட்டளை, சாதனத்தைத் திறக்க முடியவில்லை என்ற பிழையோடு நின்றுவிடும்.

வேண்டுமென்றே மறைத்தால் கதை வேறு. வைரஸ்களை ஆராய்பவர்கள், கேவிஎம்மின் கையொப்பத்தையும் 31ஆம் பிட்டையும் விஎம்முக்குத் தெரியாமல் ஒளித்து வைப்பதுண்டு. அங்கே உள்ளிருந்து எவ்வளவு துழாவினாலும் உறுதி கிடைக்காது. சர்வரின் மேக் முகவரியைக் குறித்துக்கொண்டு, ஹைப்பர்வைசர் நிர்வாகத் திரையின் விஎம் பட்டியலில் அது இருக்கிறதா என்று தேடுவதுதான் வழி.

இப்படிக்கு,
சர்வர் நிர்வாகப் பணியில் உள்ள வாசகர்