சிறிய அறக்கட்டளைகள் எங்கள் கரைக்கும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாம்பனில் கடல்பாசி எடுக்கும் பெண்களும், மீன் கூடை தூக்கும் திருநங்கைகளும் சேர்ந்திருக்கும் சிறு குழுவுக்குக் கணக்கு எழுதுகிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகு நின்றால் கூடைக்கும் வேலை இல்லை. அரசு நிவாரணம் மீனவக் குடும்பத்துக்கு வருகிறது. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட திருநங்கை எந்தக் குடும்பத்தின் கணக்கில் வருவார்? 2008இலேயே திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்த மாநிலம் இது. ஆனாலும் அடையாள அட்டைக்காக ராமநாதபுரம் போய்வர பஸ் காசில்லாமல் எங்களிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

வெளிநாட்டு நன்கொடை பெறும் பெரிய தொண்டு நிறுவனங்கள், அதில் ஒரு பங்கைச் சிறிய அமைப்புகளுக்குத் தர முன்பு வழி இருந்தது. 2020 சட்டத் திருத்தம் அதை அடைத்துவிட்டது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி வேண்டுமென்றால் மூன்றாண்டு செயல்பாட்டைக் காட்ட வேண்டும்.

சரி, மிச்சமிருப்பவர்கள் நம்மூர்க் குடும்பங்கள் பெற்றோர் பெயரில் நடத்தும் சின்னச் சின்ன அறக்கட்டளைகள்தான். பள்ளி நோட்டுக்கும் அன்னதானத்துக்கும் மனமாரக் கொடுக்கிறவர்கள், திருநங்கை என்றோ, ஒருபால் ஈர்ப்புள்ள பிள்ளைகள் என்றோ சொன்னதும் பேச்சை மாற்றுகிறார்கள். எனக்கு அதுதான் வலிக்கிறது. அவர்களும் இந்தக் கரையில் பிறந்த பிள்ளைகள்தானே! அவர்களுடைய உறவு குற்றமில்லை என்று 2018 செப்டம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று.

தையல் மிஷின் தருகிறவர்களுக்கு நன்றி. அதோடு வீட்டு வாடகை, வக்கீல் கட்டணம், மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் செலவு இவற்றுக்கும் கொடுங்கள். தொகை சிறிதானாலும் பரவாயில்லை, இரண்டு மூன்று வருடம் விடாமல் கொடுங்கள்.

ஒரு வாசகி,
பாம்பன்