கண்ணாடிய தலைகீழா திருப்பி பாத்த அன்னைக்கு: 3டி படம் எடுக்குறவங்களுக்கும் ஓட்டுறவங்களுக்கும் ஒரு திறந்த மடல்

3டி படம் எடுக்குற டைரக்டர்கள், அதுக்கு காசு போடுற தயாரிப்பாளர்கள், அத ஓட்டுற தியேட்டர்காரங்க எல்லாருக்கும் வணக்கம்.

மூணு பேருக்கும் சேத்து ஒரே மடலா எழுதுறேன், ஏன்னா ஒருத்தர கேட்டா அடுத்தவர கை காட்டுறீங்க. படம் ஏன் இவ்ளோ இருட்டா இருக்குன்னு தியேட்டர்ல கேட்டா படமே அப்படித்தான் வந்துச்சுங்கிறாங்க, படம் எடுத்தவங்கள கேட்டா தியேட்டர்ல சரியா ஓட்டலங்கிறாங்க, நடுவுல கூடுதலா காசு குடுத்து மூக்குல ரெண்டு கண்ணாடிய ஒண்ணு மேல ஒண்ணா மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கிறது நாங்கதான் (எனக்கு பவர் கண்ணாடி, அதுக்கு மேல உங்க கண்ணாடி).

முன்னாடியே சொல்லிடுறேன், எனக்கு 3டி மேல வெறுப்பு கிடையாது. நல்லா பண்ணின 3டி எப்படி இருக்கும்னு பாத்து அசந்து போனவன் நான். அதனாலதான் இவ்ளோ கோவம்.

ஒரு நாள் நடந்தத சொல்றேன். எந்த தியேட்டர்ங்கிறது வேணாம். படம் ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல கண்ண உள்ளுக்குள்ள யாரோ புடிச்சு இழுக்குற மாதிரி ஆயிடுச்சு. என்னமோ தப்பா இருக்கு, ஆனா என்னன்னு சொல்லத் தெரியல. ஒரு ஆள் கதவு முன்னாடி நிக்கிறான், அவன் உடம்பு கதவ மறைக்குது, அப்போ அவன்தான எனக்கு கிட்ட இருக்கணும், ஆனா கதவு என் பக்கம் வந்து நிக்குது, அவன் அதுல ஆள் அளவுக்கு வெட்டின ஓட்டைக்கு அந்தப் பக்கம் நிக்கிறான். கண்ணாடிய கழட்டி தொடச்சு பாத்தேன், சரியாகல. அப்புறம் என்ன தோணுச்சோ, கண்ணாடிய தலைகீழா திருப்பி மாட்டினேன், சட்டுனு எல்லாம் அது அது எடத்துல போய் உக்காந்துடுச்சு, ஆளு முன்னாடி, கதவு பின்னாடி. இடது கண்ணுக்கு போக வேண்டிய படம் வலது கண்ணுக்கும் வலதுக்கு போக வேண்டியது இடதுக்கும் மாறி போயிட்டிருந்திருக்கு, கண்ணாடிய தலைகீழா திருப்பினா ரெண்டு வில்லையும் எடம் மாறிடும்ல, அதான் சரியாயிடுச்சு. வெளிய ஓடிப்போய் அங்க நின்ன பையன்கிட்ட சொன்னேன். "3டின்னா அப்படித்தான் சார் இருக்கும், கொஞ்ச நேரத்துல பழகிடும்"னான். மிச்ச படம் முழுக்க தலைகீழ் கண்ணாடிய காதுல நிக்காம ஒரு கையால புடிச்சுக்கிட்டே பாத்தேன்.

ஆனா அன்னைக்கு என்னைய தூங்க விடாதது வேற. தியேட்டர்ல பாதிக்கு மேல ஆளு இருந்தாங்க, யாருமே ஒண்ணும் சொல்லல. சிரிக்க வேண்டிய எடத்துல சிரிச்சாங்க, பயப்பட வேண்டிய எடத்துல பயந்தாங்க. முன்னும் பின்னும் மொத்தமா மாறிக் கெடந்த ஒரு படத்த அத்தன பேரும் கதை புரிஞ்சு ரசிச்சு பாத்துட்டு தலைவலியோட எந்திரிச்சு போனாங்க. அப்போ நீங்க தனியா காசு வாங்கிட்டு குடுக்குற அந்த ஆழம், படம் பாக்குற அனுபவத்துல எவ்ளோ பங்கு வகிக்குது?

யோசிச்சு பாத்தா பதில் நம்ம தலைக்குள்ளயே இருக்கு. ஒரு கண்ண மூடிட்டு சுத்தி பாருங்க, உலகம் ஒண்ணும் தட்டையா ஆயிடாது. முன்னாடி இருக்கிறது பின்னாடி இருக்கிறத மறைக்குது, தூரத்துல இருக்கிறது சின்னதா தெரியுது, ரோடு போகப் போக குறுகுது, தூரத்து மலை வெளுத்துப் போய் தெரியுது, நாம நகந்தா கிட்ட இருக்கிறது வேகமா நகருது, தூரத்துல இருக்கிறது மெதுவா நகருது. இத வச்சுதான் மூளை பெரும்பாலும் ஆழத்த கணக்கு போடுது, இது எல்லாமே சாதா 2டி படத்துலயே இருக்கு, நல்ல ஒளிப்பதிவாளர் நூறு வருஷத்துக்கு மேலா இத வச்சுத்தான் வித்தை காட்டிட்டு இருக்கார். ரெண்டு கண்ணும் பாக்குற படத்துல இருக்கிற சின்ன வித்தியாசம்தான் ஆழமா தெரியுதுன்னு 1838-லயே சார்லஸ் வீட்ஸ்டோன்ங்கிற இங்கிலாந்து விஞ்ஞானி முகம் பாக்குற கண்ணாடிங்கள வச்சு செஞ்சு காட்டிட்டார், அத நான் மறுக்கல, ஊசில நூல் கோக்கிறப்போ ஒரு கண்ண மூடினா தெரியும் அதோட அருமை. ஆனா அந்த வித்தியாசம் கிட்டத்துல இருக்கிற பொருளுக்குத்தான் பலமா வேலை செய்யும், தூரம் ரெண்டு மடங்கானா வித்தியாசம் கால்வாசி ஆயிடும். ரொம்ப தூரத்து மலைக்கு ரெண்டு கண்ணும் ஒரு கண்ணும் ஒண்ணுதான்.

நீங்க என்ன பண்றீங்க, அந்த மலைக்கும் ஆழம் தெரியணும்னு ரெண்டு கேமராவையும் தள்ளித் தள்ளி வைக்கிறீங்க. பெரியவங்களுக்கு ரெண்டு கண்ணுக்கும் நடுவுல சராசரியா 63 மில்லிமீட்டர்தான் இடைவெளி. அதவிட ரொம்ப அகலமா கேமரா வச்சா மூளைக்கு அது ஒரு ராட்சசனோட பார்வை, ஊரே பொம்மை ஊரு மாதிரி ஆயிடுது. பிரம்மாண்டமா காட்டணும்னு செலவு பண்ணி குட்டியா காட்டிடுறீங்க. இன்னொரு பக்கம் தூரத்துல நின்னு ஜூம் லென்ஸ்ல எடுத்த குளோசப் எல்லாம் அட்டைல வெட்டி நிறுத்தின மாதிரி, மொகம் தட்டையா, பின்னாடி இன்னொரு தட்டு. திரைக்கு வெளிய வந்த கை ஃப்ரேம் ஓரத்துல பாதியா வெட்டுப்படுறப்போ வர்ற சங்கடத்த பத்தி பேச ஆரம்பிச்சா மடல் முடியாது.

தலைவலிக்கு வர்றேன், இது ரொம்ப பேர் லேசா எடுத்துக்கிற விஷயம். நான் ஸ்கிரீன்ல இருந்து 15 மீட்டர் தள்ளி உக்காந்திருக்கேன்னு வைங்க. என் கண்ணு ஃபோக்கஸ் பண்ண வேண்டியது எப்பவும் அந்த 15 மீட்டர்லதான், ஏன்னா வெளிச்சம் அங்கருந்துதான் வருது. ஆனா ஒரு பந்து ரெண்டு மீட்டர்ல மெதக்குதுன்னு நீங்க காட்டினா ரெண்டு கண்ணும் உள்பக்கமா திரும்பி ரெண்டு மீட்டர்ல சேரணும். நெஜ உலகத்துல ஃபோக்கஸும் கண்ணு திரும்புறதும் எப்பவும் ஒண்ணாதான் நடக்கும், அத பிரிச்சு செய்ய சொல்றீங்க, அதுவும் ரெண்டு செகண்டுக்கு ஒரு கட் போட்டு ஒவ்வொரு கட்டுக்கும் வேற வேற ஆழத்துல. கண்ணு ஒரு எடத்துல போய் சேர்றதுக்குள்ள அடுத்த ஷாட் வந்துடுது. இதுக்கு பழகிக்கோன்னு சொல்றது என்ன நியாயம்?

ஸ்கிரீன் சைஸ் கணக்கும் இருக்கு. 12 மீட்டர் அகல ஸ்கிரீன்ல 2கே படம்னா (அகலத்துல சுமார் 2,000 புள்ளி) ஒரு பிக்ஸல், அதாவது ஒரு புள்ளி, கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர். ரொம்ப தூரத்த பாக்குறப்போ ரெண்டு கண்ணும் உள்பக்கம் திரும்பாம நேரா பாக்கும், அதனால அடிவானம் தெரியணும்னா ஸ்கிரீன்ல இடது கண் படத்துக்கும் வலது கண் படத்துக்கும் நடுவுல கண் இடைவெளி அளவுக்கே 63 மில்லிமீட்டர் விலகல் வேணும், அதாவது சுமார் 11 பிக்ஸல். அதே 11 பிக்ஸல் வீட்டு டிவில 7 மில்லிமீட்டர்தான், ஆழமெல்லாம் சுருங்கி போயிடும். மாத்தி, சின்ன ஸ்கிரீனுக்குன்னு கணக்கு போட்டத பெருசுல போட்டா 63-ஐ தாண்டி, ரெண்டு கண்ணும் வெளிப்பக்கமா விரியணும், அப்படி யாரும் எதையும் பாக்குறதே இல்ல. ஒரே படத்த எல்லா சைஸுக்கும் அப்படியே அனுப்பிட்டா வேலை முடிஞ்சதுன்னு நெனைக்காதீங்க. 3டி டிவிய 2017-க்குள்ள பெரிய கம்பெனிங்க எல்லாம் நிறுத்திட்டாங்க, அதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நம்புறேன்.

தியேட்டர்காரங்களே, இப்போ வெளிச்சம். சாதா படத்துக்கு ஸ்கிரீன் வெளிச்சம் 14 ஃபுட்-லாம்பெர்ட் (ஸ்கிரீன் வெளிச்சத்த அளக்குற அலகு) இருக்கணும்னு ஒரு அளவு இருக்கு. 3டில ப்ரொஜெக்டர் முன்னாடி ஒரு ஃபில்டர், மூக்குல ஒரு ஃபில்டர், ஒவ்வொரு கண்ணுக்கும் பாதி நேரம்தான் படம், எல்லாம் போக பல எடத்துல 4 இல்லன்னா 5 மிஞ்சினா பெருசு. அதாவது மூணுல ஒரு பங்கு. அடுத்த தடவை ராத்திரி சீன் வர்றப்போ கண்ணாடிய ஒரு நிமிஷம் கழட்டி பாருங்க, படம் ரெண்டு ரெண்டா தெரியும் ஆனா பச்சை பச்சையாவும் செவப்பு செவப்பாவும் இருக்கும், திரும்ப மாட்டினா எல்லாம் சாம்பல் பூசின மாதிரி ஆயிடும். கலர் பாத்து பாத்து சேத்த ஒளிப்பதிவாளரும் கலரிஸ்ட்டும் இத பாத்தா அழுதுடுவாங்க. அதுலயும் பல்பு ஆயுசு கூடணும்னு வெளிச்சத்த இன்னும் கொறச்சு ஓட்டுறவங்கள என்ன சொல்றது.

என் தங்கச்சிக்கு சின்ன வயசுல இருந்தே சோம்பேறிக் கண். ரெண்டு கண்ணையும் சேத்து ஆழம் பாக்க அவளால முடியாது. அவ மாதிரி நூத்துக்கு சில பேர் எல்லா தியேட்டர்லயும் இருக்காங்க, சில பேருக்கு தனக்கு அப்படி இருக்குன்னே தெரியாது. எல்லாரும் போறோம்னு அவளும் கூட வருவா, கூடுதல் காசு குடுப்பா, அவளுக்கு கெடைக்கிறது ஒரு இருட்டான 2டி படம். "எங்கண்ணே வெளிய வருது, எனக்கு ஒண்ணும் வரலியே"ன்னு பக்கத்துல இருந்து கேட்டா பாருங்க, அன்னைக்கு அந்த சாயங்காலத்துல 2டி ஷோ ஒண்ணு கூட இல்ல, இருந்தது காலைல ஒண்ணே ஒண்ணு.

ஆனா இதுக்கு நேர்மாறாவும் ஒண்ணு நடந்திருக்கு, அத மறைச்சா நான் நேர்மையா எழுதல. ப்ரூஸ் பிரிட்ஜ்மேன்னு ஒரு பார்வை விஞ்ஞானி, அவருக்கும் அதுவரைக்கும் வாழ்நாள் முழுக்க சரியா ஆழம் தெரிஞ்சதில்ல. 2012-ல, 67 வயசுல, ஹ்யூகோ படத்த 3டில பாத்தார், திடீர்னு ஆழம் தெரிய ஆரம்பிச்சுது, தியேட்டர விட்டு வெளிய வந்தப்போ தெரு விளக்குக் கம்பம் பின்னணில இருந்து தனியா எழும்பி நின்னுச்சாம், அதுக்கப்புறமும் அந்தப் பார்வை போகல. எல்லாருக்கும் இப்படி நடக்கும்னு சொல்ல வரல. ஆனா ஒரு படம் ஒரு மனுஷனுக்கு இத குடுத்திருக்குன்னா, உங்க கைல இருக்கிறது எவ்ளோ பெரிய விஷயம்னு புரியுதா?

நான் அசந்து போனேன்னு சொன்னேனே, அது ஃபிரான்ஸ்ல இருக்கிற ஷோவே குகைக்குள்ள ஜெர்மன் டைரக்டர் வெர்னர் ஹெர்சாக் எடுத்த டாக்குமென்டரி, 2010-ல வந்தது. அந்த குகைச் சுவத்துல இருக்கிறது 30,000 வருஷத்துக்கு மேல பழசான ஓவியங்க. அந்த ஃபோட்டோக்கள புத்தகத்துல எத்தனையோ தடவை பாத்திருக்கேன், அப்போ எல்லாம் அது சுவத்துல இருக்கிற கோடு. 3டில பாத்தப்போதான் சுவரே தட்டையா இல்லன்னு தெரிஞ்சுது, பாறை புடைச்சிருக்கிற எடத்த பாத்து மிருகத்தோட உடம்ப அங்க கொண்டு வந்து வரஞ்சிருக்காங்க. கேமரா மெதுவா நகருது, டார்ச் வெளிச்சம் மெதுவா நகருது, எல்லாம் சில மீட்டர் தூரத்துக்குள்ள, அவசரமா ஒரு கட் கிடையாது. அந்த ஆழத்த எடுத்துட்டா அந்த ஓவியமே பாதிதான். அங்க 3டி தேவை, வேற வழியில்ல.

டைரக்டர்களே, உங்ககிட்ட கேக்குறது இதான். இந்தக் கதைக்கு ஆழம் வேணுமான்னு எழுதுறப்பவே கேளுங்க, வேணும்னா ஷாட்ட நீளமா விடுங்க, ஆள கிட்ட நிறுத்துங்க, ஒலிய எப்படி திட்டம் போடுறீங்களோ அப்படி ஆழத்தையும் போடுங்க, எந்த சீன்ல கூட்டணும் எந்த சீன்ல கிட்டத்தட்ட தட்டையாவே விடணும்னு. வேணாம்னா தைரியமா 2டில விடுங்க, நாங்க வருவோம்.

தயாரிப்பாளர்களே, 3டில எடுத்ததா இல்ல 2டில எடுத்துட்டு அப்புறம் மாத்தினதான்னு போஸ்டர்லயே போடுங்க. மாத்துறதே தப்புன்னு சொல்ல மாட்டேன், டைட்டானிக்க 2012-ல மாத்துறதுக்கு 60 வாரம் உக்காந்து ஒவ்வொரு ஃப்ரேமா வெட்டி, மறைஞ்சிருந்த எடத்த எல்லாம் வரஞ்சு நிரப்பினாங்க, பாக்க நல்லாவே இருந்துச்சு. 2010-ல கிளாஷ் ஆஃப் த டைட்டன்ஸ கிட்டத்தட்ட 10 வாரத்துல மாத்தினாங்க, தலைமுடி எல்லாம் மண்டைல ஒட்டின மாதிரி தெரிஞ்சுது. ரெண்டுக்கும் ஒரே கூடுதல் காசு வாங்கினா எப்படி?

தியேட்டர்காரங்களே, முதல் ஷோவுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் கண்ணாடி மாட்டிக்கிட்டு ஓர சீட்டுல அஞ்சு நிமிஷம் உக்காந்து பாக்கட்டும், வெளிச்சத்த அளந்து பாக்கட்டும். என் தங்கச்சிக்கு சாயங்காலம் ஒரு 2டி ஷோ போடுங்க. அப்புறம், கண்ணாடிய தலைகீழா புடிச்சுக்கிட்டு எவனாவது பாதி படத்துல வெளிய ஓடி வந்து ஏதோ தப்பா இருக்குன்னு சொன்னா, பழகிடும்னு சொல்லி அனுப்பாம ஆபரேட்டர கூப்பிட்டு ஸ்கிரீன ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க, இடது வலது மாறி ஓடிட்டு இருக்கலாம்.