ஸ்பொன்சர் சான்று காகிதமல்ல

ஆசிரியருக்கு,

பிரித்தானிய வேலை விசாவுக்கென முத்திரை குத்திய 'ஸ்பொன்சர் கடிதம்' காட்டி இலட்சக்கணக்கில் கேட்கும் முகவரை நம்பவேண்டாம். விசாவுக்கு உண்மையில் வேண்டிய ஸ்பொன்சர் சான்று (Certificate of Sponsorship) காகிதமே அல்ல. தொழில்தருநர் பிரித்தானிய உள்துறை அமைச்சின் கணினியில் இடும் பதிவு. ஊழியருக்குக் கிடைப்பது ஓர் இலக்கந்தான். வழங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் விண்ணப்பிக்காவிட்டால் அது செல்லாது. காசநோய்ப் பரிசோதனை, ஆங்கிலப் பரீட்சை என்று இழுபட்டே பலர் நாளைத் தவறவிடுகிறார்கள். சான்றிலுள்ள தொழில் குறியீடு (வேலை வகையைக் காட்டும் இலக்கம்) உண்மையான வேலைக்குப் பொருந்தாவிட்டாலும் விசா மறுப்புத்தான்.

2024 டிசம்பர் 31 முதல் வழங்கப்படும் சான்றுகளின் கட்டணத்தை ஊழியரிடம் அறவிட முடியாது. ஸ்பொன்சர் செய்ய உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பராமரிப்பாளர் வேலையா? வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பது 2025 ஜூலை 22உடன் நின்றுவிட்டது. இன்னும் யாருக்குக் காசு கட்டுகிறீர்கள்?

வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06