நம்ம பேட்ச் கதைத் தொகுப்பு – ஞாயித்துக்கெழம கூடுறோம்

எல்லாருக்கும் வணக்கம். பயணக் கதைத் தொகுப்பு பத்தி பேச வர்ற ஞாயித்துக்கெழம சாயங்காலம் 4.30க்கு வேலூர் கோட்டைக்குள்ள, ஜலகண்டேஸ்வரர் கோயில் வாசல்கிட்ட வந்துடுங்க.

1. ஆளுக்கு ஒரு கதை, 800 வார்த்தைக்குள்ள. பஸ்லயோ ட்ரெயின்லயோ முன்பின் தெரியாத ஒருத்தர சந்திச்சது.

2. ஒரு கதையில ஓரமா வந்து போறவர்தான் அடுத்த கதைக்கு முக்கியமான ஆளு, இப்ப காட்பாடி ஜங்ஷன்ல ஒருத்தருக்கு டீ வாங்கிக் குடுத்துட்டு போற அம்மா, அடுத்த கதையில மகன சிஎம்சி ஆஸ்பத்திரில காட்ட கொல்கத்தாவுலருந்து வந்தவங்களா இருக்கலாம், பாஷை தெரியாம ரிப்போர்ட் கவரோட லாட்ஜ் தேடுறவங்கள தினமும் பாக்கறோம், அவங்கள பத்தி நாம எழுதலனா வேற யாரு எழுதுவாங்க சொல்லுங்க.

3. நிஜப் பேரு, போன் நம்பர் வேணாம்.

4. உங்க கதைக்கு எந்த ஊரு எடுக்கறீங்கனு வெள்ளிக்கெழமக்குள்ள இங்கயே போடுங்க. ஆம்பூர், குடியாத்தம், வாலாஜா ரோடு மூணும் இன்னும் காலியாத்தான் இருக்கு.

வெளியூர்ல இருக்கறவங்க வாய்ஸ் மெசேஜா அனுப்புனா போதும், நானே டைப் பண்ணிடறேன். வர்றவங்க "வரேன்"னு ஒரு வார்த்த போடுங்க ப்ளீஸ்.